மூன்று மாதக் கையெழுத்து

புளியறவிளை செல்லசாமி நாற்பத்தாறு வயதுக்குள் எழுநூறு பந்தலாவது போட்டிருப்பார். கல்யாணப் பந்தல், சாவுப் பந்தல், கோயில் கொடை, சர்ச் கன்வென்ஷன், நாடகக் கொட்டகை. பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் இடையில் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் அவருடைய கமுகுக் கால்களும் கூரைக்கு முடைந்த தென்னங்கிடுகுகளும் அங்கே வந்து இறங்கும். 1954 ஜூலையில் ஒரே சந்தை வெளியில், பதினைந்து நாள் இடைவெளியில், இரண்டு அரசியல் பந்தல்கள் போட்டார். முதலாவது, நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று பேசியவர்களுக்கு. இரண்டாவது, தமிழ் பேசும் ஊர்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொன்னவர்களுக்கு. இரண்டுக்கும் அதே கிடுகுதான்.

“நீரு எந்தப் பக்கம் ஓய்?” என்று சந்தையில் ஒருவர் கேட்டார்.

“நான் மேல்பக்கமாக்கும். மழை ஒழுகாம பாத்துக்கணும்லா” என்றார் செல்லசாமி. கேட்டவர் சிரித்தார்.

ஆகஸ்டில் தெற்கே, சென்னையோடு சேர்க்கச் சொன்னவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்கள் செத்தார்கள். அடுத்த வாரம் போலீஸ் புளியறவிளைக்குள் வீடு வீடாக ஏறியது. மேடையில் பேசியவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டிச் சென்னை மாநிலத்துக்குள் போய்விட்டிருந்தார்கள். பந்தல் போட்டவர் தன் வீட்டு முற்றத்தில் கிடுகு அடுக்கிக்கொண்டிருந்தார். பிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. இரண்டு நாள் அவுட்போஸ்ட்டில் வைத்து அடித்தார்கள். இடது கையில் இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவில்லை.

வெளியே விடும்போது ஏட்டு, அதாவது தலைமைக் காவலர், ஒரு தாளை வாசித்தார். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவுட்போஸ்ட்டுக்கு வந்து புத்தகத்தில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். அனுமதி இல்லாமல் ஸ்டேஷன் எல்லையைத் தாண்டக் கூடாது. யாரைக் கண்டார், யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டும். தாளின் கடைசி வரியில், இந்த உத்தரவு மூன்று மாதத்துக்கு மட்டும் என்று இருந்தது. அந்த வரிக்கு வரும் முன்பே ஏட்டு தாளை மடித்துவிட்டார். செல்லசாமிக்குத் தன் பெயரை எழுதும் அளவுக்குத்தான் எழுத்து தெரியும். தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். பலா மரத்தடியில் வரிசையாக நிற்பார்கள். ஏட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மலையாளத்தில் கேட்பார்.

“செல்லசாமி, இன்னலே ஆரையெல்லாம் கண்டு?”

“நேத்து ஆரையும் காணேல எசமானே.”

“ரெண்டு கண்ணு உண்டல்லோ நினக்கு?”

“உண்டு எசமானே.”

“அப்போ வெயில்ல நில்லு. கண்ணு தெளியும்.”

முதல் வாரம் தினமும் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். இரண்டாம் வாரம், அக்கரை வீட்டுப் பசு கன்று போட்டதைச் சொன்னார். ஏட்டு சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி தேவைப்பட்டது. சந்தையில் மீன் இல்லை, வாய்க்கால் கரை உடைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் எதுவும் அகப்படாமல், “ஞானையனுக்க வீட்டுல வெளுக்கறது வரை விளக்கு எரிஞ்சுது” என்றார்.

ஞானையன் இருபது வருடமாக அவரோடு பந்தல் கட்டியவர். ஒருவர் கயிற்றை வீசினால் மற்றவர் பார்க்காமலே பிடிப்பார். அன்று அவருடைய மகளுக்குக் காய்ச்சல். அதனால்தான் விளக்கு எரிந்தது. ஏட்டு அவரைக் கூப்பிட்டு, வீட்டில் யாரை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கன்னத்தில் அறைந்தார். ஞானையன் நேராகச் செல்லசாமியின் வீட்டுக்கு வந்தார்.

“எலே, நீ வாயத் தெறந்து ஒரு வாக்கு என்கிட்ட கேட்டிருந்தா, பிள்ளைக்கு பனின்னு நானே செல்லியிருப்பேனே. இனி எனக்க வீட்டுப் பக்கம் பாக்கப்பிடாது கேட்டியா.”

செய்தி இரண்டே நாளில் ஊர் முழுக்கப் போயிற்று. செல்லசாமி வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றது. பெண்கள் கிணற்றடியில் குடத்தை அவசரமாகத் தூக்கினார்கள். அவர் வருவதைக் கவனிக்காமல் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவருக்கே பயம் வந்தது. காதில் விழுந்தால் காலையில் சொல்ல வேண்டிவரும். அதனால் வழியில் வளைவுகளுக்கு முன்னாலேயே உரக்க இருமத் தொடங்கினார். இருமல் கேட்டதும் ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு தரப்புக்கும் அது வசதியாக இருந்தது. பந்தலுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. முற்றத்தில் கிடந்த கிடுகில் கறையான் பிடித்தது.

நவம்பர் நடுவில் மூன்று மாதம் முடிந்தது. பட்டியலில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் உத்தரவை முழுக்க வாசித்திருந்தார். மற்ற ஒன்பது பேரின் காதிலும் விஷயத்தைப் போட்டார். செல்லசாமியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னது மறுநாள் ஏழு மணிக்கு ஏட்டிடம் போய்ச் சேரும் என்று அவர் பயந்தார். வரிசை ஒருநாள் காலையில் ஒற்றை ஆளாகக் குறைந்தது. மற்றவர்கள் யாரையோ பிடித்துத் தப்பிவிட்டார்கள், தனக்கு ஆளில்லை என்று செல்லசாமி எண்ணிக்கொண்டார். ஏட்டு எதுவும் சொல்லவில்லை. காத்து நிற்கும் நேரத்தில் இந்த மனிதர் முற்றத்தைப் பெருக்கிவிடுகிறார், தண்ணீர் கோரி வைக்கிறார். ஏன் சொல்ல வேண்டும்?

ஒப்புப் புத்தகம் டிசம்பரில் தீர்ந்தது. செல்லசாமி சந்தையிலிருந்து ஒரு கோட்டு நோட்டை வாங்கி வந்து, தானே தேதிக்கு ஒரு வரி விட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜனவரியில் ஏட்டு மாற்றலானார். கொல்லம் பக்கத்திலிருந்து புது ஏட்டு வந்தார். காலையில் வந்து பெருக்கி, தண்ணீர் வைத்து, மூலையில் ஒரு நோட்டில் ஏதோ குறித்துவிட்டு, மாலையிலும் வந்து போகும் ஆளை, அவர் அவுட்போஸ்ட்டின் தூப்புக்காரர் என்றே நினைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் விமலகுமாரியின் விஷயம் வந்தது.

விமலகுமாரி செல்லசாமிக்கும் சத்யபாமாவுக்கும் ஒரே மகள். கள்ளிக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் மோகனனுக்கு அணைக்கட்டு வேலை. பாறசாலையிலிருந்து பதிமூன்று மைல். ஆனால் ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே. ஏப்ரலில் விமலாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர அப்பன் நேரில் போக வேண்டும். அந்தக் குடும்பங்களில் அது மாறாத வழக்கம்.

“விமலாக்க அப்பா, எசமான்கிட்ட கேளுங்க. ஒரு பகல் போரும்” என்றார் சத்யபாமா.

“நீ போயிட்டு வா. நான் கேட்டா பதிலுக்கு வேற ஆளப் பத்தி ஏதாவது கேப்பாவ.”

சத்யபாமா தனியாகப் போனார். மோகனனின் அம்மா ஆனந்தபாய் சம்பந்திக்குக் காபி கொடுத்தார், பெண்ணைக் கொடுக்கவில்லை.

“அப்பன்காரன் சீவனோட இருக்கும்ப நீ மட்டும் வந்து விளிச்சா நாட்டுக்காரு என்ன செல்லுவாவ? பெத்தவன் வேண்டாம்னு வச்ச பிள்ளையா இவ? அவரு வரட்டும். அந்த நிமிசம் நான் அனுப்பித் தாறேன்.”

வாசல் வரை வந்த விமலா குரலைத் தாழ்த்தினாள். “அப்பாவ வரச் செல்லு அம்மா. காலெல்லாம் நீரு வச்சிருக்கு. இஞ்ச ஒரு மருத்துவச்சிகூடக் கிடையாது.” புளியறவிளையிலிருந்து பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி அரை மணி நேரம்.

சத்யபாமா திரும்பி வந்து கணவரிடம் எதையும் மறைக்கவில்லை. ஏட்டிடம் கேட்க வேண்டிய வாசகத்தைச் செல்லசாமி நாலு நாள் தயார் செய்தார். ஐந்தாம் நாள் காலையில் விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டு ஏட்டின் முன் நின்றார்.

“எசமானே, மகளுக்குப் பிரசவம். கள்ளிக்காடு வரை ஒருநாள் போயிட்டு வாறேன்.”

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். “இந்த ஆழ்ச்ச பற்றில்லல்லோ. புதனாழ்ச்ச இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. அது கழிஞ்சு, திங்களாழ்ச்ச போய்க்கோ.”

தூப்புக்காரர் லீவு கேட்கிறார் என்று ஏட்டு நினைத்தார். திங்கட்கிழமைக்கு உத்தரவு கிடைத்துவிட்டது என்று செல்லசாமி நினைத்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அன்று வளைவில் இருமாமல் வீட்டுக்கு நடந்தார். மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குச் சத்யபாமா சிறுபயறு வறுத்து மாவு பிடித்தார். புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு முற்றத்தில் ஒரு பலா இலைகூடக் கிடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிக்கு அணைக்கட்டு வேலைக்காரர் ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வியாழக்கிழமை விமலாவுக்கு ஜன்னி கண்டது. குறைமாதப் பிரசவம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டுவதற்குள் போய்விட்டாள். பெண் குழந்தை உயிரோடு இருக்கிறது.

செல்லசாமி முதலில் ஓடியது அவுட்போஸ்ட்டுக்கு.

“எசமானே, மக போயாச்சு. திங்கள்னு செல்லியிருந்தியளே. இன்னைக்கே உத்தரவு தரணும்.”

“ஐயோ, போ! வேகம் போ. இதுக்கு என்னோடு கேக்கணுமோ?”

“ஒப்பு இருக்கே எசமானே. சாயங்காலத்து ஒப்பு.”

“எந்து ஒப்பு?”

செல்லசாமி மூலையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினார். ஏட்டு பக்கங்களைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே பெயர். அலமாரியைத் திறந்து பழைய கட்டுகளைக் கிளறி, தாளைக் கண்டுபிடித்தார். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார்.

“இது நவம்பர்ல தீர்ந்நல்லோ, செல்லசாமி. அஞ்சு மாசம் ஆயி. ஞான் கருதி, நீ இவிடத்தே ஜோலிக்காரன்னு.” தாளை மேசையில் வைத்தார். “நின்னெ ஆரும் பிடிச்சு வச்சில்ல.”

கள்ளிக்காட்டுக்கு அவரும் சத்யபாமாவும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வழியில் சத்யபாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “விட்டாவளா?” “விட்டாவ” என்றார் செல்லசாமி.

முற்றத்தில் நின்ற பந்தலை வேறு யாரோ போட்டிருந்தார்கள். ஆனந்தபாய் வாசலை மறித்தார்.

“இன்னைக்கு வர முடிஞ்சுதுல்லா? போன ஆழ்ச்ச முடியேலியோ? பிள்ள வழியப் பாத்துப் பாத்துப் போனா ஓய்!”

கூட்டம் செல்லசாமியையே பார்த்தது. அவர் மடங்காத விரல்களை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

“போலீசு விடேல” என்றார்.

அது போதுமானதாக இருந்தது. யாரோ போலீஸைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். மோகனன் வந்து மாமனாரைத் தோளில் தாங்கினான். ஆனந்தபாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “பாவிய, ஒரு மனுசன இப்பிடியா கட்டிப்போடுவானுவ” என்றவர், பதினாறு கழிந்ததும் குழந்தையைச் சத்யபாமாவின் கையில் வளர்க்கக் கொடுத்தார்.

பதினேழாம் நாள் காலை செல்லசாமி அவுட்போஸ்ட் முற்றத்தில் நின்றார்.

“இனி வரவேண்டா. ஞான் பறஞ்சதல்லே?” என்றார் ஏட்டு.

“முற்றத்த அடிச்சிட்டுப் போறேன் எசமானே. வரலேன்னா வீட்டுல ஏன்னு கேப்பாவ.”

ஏட்டு உள்ளே போய்விட்டார். காலை ஏழு, மாலை ஆறு. செல்லசாமி வீட்டிலிருந்து ஒப்புக்குப் புறப்பட்டார், அவுட்போஸ்ட்டில் பெருக்கினார். பந்தலுக்கு மறுபடி கூப்பிட இரண்டு வீடுகள் வந்தன. தூரத்து வேலைக்கு உத்தரவில்லை என்று திருப்பி அனுப்பினார். ஞானையன் ஒருநாள் வழியில் நிறுத்தி, “உனக்க பேரு இப்ப லிஸ்டுல இல்லியாம்லா மக்கா?” என்றார். செல்லசாமி, “ஆரு செல்லினது? அத எனக்க வீட்டுல போய்ச் செல்லிராதே” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

1956 நவம்பரில் மாநில எல்லைக் கோடு விழுந்தது. தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. பாறசாலை கேரளத்தில் நின்றது. இனிக் காவல் தேவையில்லை என்று ஜனவரியில் அவுட்போஸ்ட்டைப் பூட்டி, மேசை நாற்காலிகளை லாரியில் ஏற்றினார்கள். ஊரே நின்று பார்த்தது. சத்யபாமாவும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

அன்று மாலை அவர் கேட்டார்: “பூட்டியாச்சுல்லா. இனி ஒப்பு எங்க?”

பேத்தி செல்லசாமியின் விறைத்த விரலைப் பிடித்து இழுத்தாள்.

“நெய்யாற்றின்கரைக்கு மாத்திப் போட்டாவ” என்றார்.

சத்யபாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுக்களைக்குப் போய் மறுநாளைக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து இலையில் பொதிந்து வைத்தார்.

“ஏழு மைலு உண்டு. நாளைக்கு வெள்ளனே இறங்கணும்” என்றார்.

மறுநாள் விடியுமுன் செல்லசாமி இலைப் பொதியை வாங்கிக்கொண்டு இறங்கி நடந்தார்.