மாவு பிசையும் நீதிபதி

எங்கள் அப்பாவின் வழக்கு அட்டன் கோர்ட்டில் தோற்று முடிந்துபோன ஒன்று. அதை அவரிடம் மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், அது மறுபடி விசாரணைக்கு வந்துவிடும்.

வழக்கு இவ்வளவுதான். இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்த பெரிய கங்காணி எங்கள் தாத்தா. அவருக்கு இரண்டு பெண்டாட்டிகள். அப்பா இளையாள் மகன். ஆனால் வயதில் மூத்தவர். சித்தப்பா மூத்தாள் மகன், வயதில் இளையவர். தாத்தாவுக்குப் பிறகு தலைவர் யார்? எனக்கு விவரம் தெரிவதற்குள் கங்காணிகளின் அதிகாரமெல்லாம் போய்விட்டிருந்தது. தலைவருக்கு மிச்சமிருந்தது, மாரியம்மன் திருவிழாவில் தேர் புறப்படுமுன் பூசாரி முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டத் துணி ஒன்றுதான். அதற்காகத்தான் அண்ணனும் தம்பியும் பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போனார்கள். தலைமை மூத்தாள் வீட்டுக்கு என்று தீர்ப்பானது.

அப்பாவின் மனக்குறை நீதிபதி மேல் இல்லை. மொழிபெயர்த்தவர் மேல்தான். "நான் அரை மணித்தியாலம் பேசுனேன். அந்த மனுசன் அதை இங்கிலீசுல ஒரே வரியில முடிச்சிட்டாரு," என்பார். அந்த அரை மணித்தியாலத்தைத்தான் வாராவாரம் எங்களுக்குப் பேசிக் காட்டினார். ரொட்டிக்கு மாவு பிசையும் அம்மா நீதிபதி. வழக்கைக் கூவி அழைக்கும் சேவகர் நான். வளர்ந்து கொழுந்தெடுக்கும் வேலைக்குப் பேர் பதிந்த பிறகும் அந்த உத்தியோகம் என்னை விடவில்லை. அப்பா வெள்ளை வேட்டியோடு அடுப்படியில் நின்று, தாத்தா காடு வெட்டிய காலத்திலிருந்து ஆரம்பிப்பார். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, மூத்தாள் வீட்டுக்குத்தான் என்று சிரிக்காமல் சொல்வாள். அப்பா அப்பீல் என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்காக இப்போதும் மனம் ஏங்குகிறது.

ஒரு வருஷம் திருவிழாவுக்கு முன்னால் சித்தப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தேர் புறப்படும் நேரம், கல்யாண வயதிலிருந்த அவர் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தான்.

"பெரியப்பா, இந்தத் தடவ உங்களையே கட்டிக்கச் சொல்லி அப்பா அனுப்புனாரு."

பூசாரி துணியை நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு அவனைக் குனியச் சொல்லி, அவன் தலையில் கட்டிவிட்டார்.

"கோர்ட்டு சொல்லிருச்சுப்பா. இது உங்க வீட்டுக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் எங்கள் உயிரை எடுத்தது எதற்காம்?

அடுத்த ஞாயிறு அப்பா வேட்டி கட்டவில்லை. சாரத்தோடு சுவரோரம் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வழக்கைக் கூப்பிடு என்று அம்மா எனக்குக் கண் காட்டினாள். கூப்பிட்டேன். சொல்ல ஒன்றுமில்லை என்றார் அப்பா.

மாவிலிருந்து கையை எடுக்காமலே அம்மா சொன்னாள்:

"வயசுல மூத்தவருக்குத்தான் தலைமை. தீர்ப்பு சொல்லியாச்சுங்க."

அப்பா அப்பீல் கேட்கவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.