அண்ணி இளைத்த வருடம்

பேக்கரியில் மாவு பிசைகிறவளை இளைக்கச் சொல்வது, பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். என் அண்ணியிடம் டாக்டரம்மா அதைத்தான் கேட்டார்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து ஐந்தாறு வருடமாகியும் குழந்தை இல்லை. அண்ணியின் மாதவிலக்குக்கு நாளும் கிடையாது, கணக்கும் கிடையாது. தள்ளிப்போகும்போதெல்லாம் கர்ப்பச் சோதனைக் குச்சியோடு குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வரும் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் மிச்சமிருந்த குச்சிகளையெல்லாம் குப்பையில் வீசி, "இனிமே இந்தச் சனியனைத் தொடமாட்டேன்" என்றாள்.

"மருந்தெல்லாம் அப்புறம் பார்ப்போம்மா. முதல்ல உங்க எடையில பத்துல ஒரு பங்கு குறைங்க. நிறைய பேருக்கு அதுலயே மாசாமாசம் ஒழுங்கா வந்துடும், கருவும் தங்கும். எல்லாருக்கும் நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பட்டினி மட்டும் கிடக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

அதே பேக்கரியில் நான் முன்னால் விற்பனைக்கு நிற்பேன். அண்ணி பின்னால் ஓவனோடு மல்லுக்கட்டுவாள். சுடச்சுட பன்கள் அடுக்கியிருக்க, நடுவில் உட்கார்ந்து வேகவைத்த காய்கறி டப்பாவைத் திறப்பாள். வேலை முடிந்ததும் நடந்தே வீட்டுக்குப் போவோம். துணைக்கு நடந்து எனக்குத்தான் செருப்பு தேய்ந்தது! அண்ணி மெல்ல இளைத்தாள். குண்டாக இருந்தபோது கிண்டலடித்த அதே வாடிக்கைக்காரர்கள் இப்போது, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று துக்கம் விசாரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது!

ஆனால் பலன் இருந்தது. மாதவிலக்கு மாதம் தவறாமல் வரத் தொடங்கியது. வயிற்றுவலியோடு ஒருத்தி சிரித்துக்கொண்டே மாவு பிசைந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு ஒரு மாதம் வரவில்லை.

"போச்சுடி! வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிடுச்சு" என்றாள்.

"ஒரு தடவை குச்சி வாங்கிப் பாருங்களேன் அண்ணி."

"வாயை மூடு. இன்னொரு தடவை ஏமாற எனக்குத் தெம்பு இல்ல. உடம்பு திரும்பப் போடுது, அதான் நின்னுடுச்சு."

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். அப்புறம் காலைச் சாப்பாட்டையும் விட்டாள். அண்ணன் கெஞ்சினான், கத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. வெண்ணெய் வாசம் பட்டாலே அவளுக்குக் குமட்டியது. அதிலும் அவளுக்குப் பெருமை: "பார்த்தியா, மனசு கல்லாயிடுச்சு." டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுந்தாள்.

ஒரு மதியம், ஓவனிலிருந்து ட்ரேயை இழுத்தவள் அப்படியே சரிந்தாள். நல்லவேளை, சூடு படவில்லை. வண்டி பிடித்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். சோதித்துவிட்டு அவர் சிரித்தார். "நீங்க கர்ப்பமா இருக்கீங்கம்மா!"

அண்ணி சிரிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ! உள்ள புள்ள இருக்கறது தெரியாம பட்டினி போட்டுட்டேனே! நானே கொன்னுட்டேனா டாக்டர்?"

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் நகம் என் கையில் பதிந்தது. 'வாயைத் திறந்து ஏதாவது சொல்லித் தொலையேன்!' என்று அவரை மனசுக்குள் திட்டினேன். படபடவென்று ஒரு சத்தம் கேட்டது.

"இதயத்துடிப்பு நல்லா இருக்கு. பயப்படாதீங்க. இனிமே பட்டினி கூடாது, அவ்வளவுதான்."

நான் அழுதேவிட்டேன். அண்ணி மட்டும் நம்பாமல் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்போ நான் சாப்பிடலாமா டாக்டர்?"

"என்ன கேள்வி இது? சாப்பிட்டே ஆகணும்மா."

"ரொம்ப நாளா பசிக்குது டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அண்ணி வாய்விட்டு அழுதாள்.