வறுத்த மல்லாட்டை

மாடி வீட்டுப் பெண் தேர்வுக்கு விதையின் பாகங்களைச் சத்தம் போட்டுப் படிக்கிறாள்: "வித்திலை, முளைவேர், முளைக்குருத்து." தனியாகச் சாப்பிட உட்கார்ந்த நான், சோற்றில் கைவைத்தபடியே திண்டிவனத்துக்குப் போய்விட்டேன்.

1940களில், பள்ளிக்கூடம் படிக்கும்போது, அங்கே ஹாஸ்டலில் இருந்தேன். அம்மா எங்கள் ஊர் கெடாரில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்குவாள்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. எப்போதாவது என்னைப் பார்க்க வரும்போது கொஞ்சம் வறுத்து முந்தானையில் முடிந்து வருவாள்.

ஒருநாள் டீச்சர் மல்லாட்டைப் பருப்பைப் பிளந்து, உள்ளே ஒட்டியிருந்த குட்டிக் கருவைக் காட்டினார். "வேர் விடுற வரைக்கும் இந்த ரெண்டு பருப்பும்தான் அதுக்குச் சாப்பாடு" என்றார். முளைக்கப்போட ஆளுக்கொரு விதை கொடுத்தார். நான் அதை வைக்கவில்லை. அம்மா கொடுத்ததில் கடைசியாக மிஞ்சியதைத்தான் ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். வறுத்தது என்று தெரியும். இருந்தாலும் அதுதான் முளைக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

எல்லோருடையதும் முளைத்தது. என்னுடையது அழுகி நாறியது.

அடுத்த முறை வந்த அம்மாவிடம் சொல்லி அழுதேன். "வறுத்தது எங்கனா மொளைக்குமாடி? உனக்குப் பசிக்குமேன்னு எடுத்தாந்தேன். துண்ணாம வச்சிக்கினு இருந்தியா?" என்று என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

மாடியில் படிப்புச் சத்தம் நின்றது. "போதும், சாப்பிட வாடி" என்று அவள் அம்மா கூப்பிட்டாள்.

என்னைத்தான் கூப்பிட்டதுபோல நானும் நிமிர்ந்து பார்த்தேன்.