ஜோசஃபின் அணைத்த மெழுகுவர்த்தி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ரயில்வே குடும்பத்தில் பிறந்தவள் ஜோசஃபின். பல் கிளினிக்கில் வேலை. ஞாயிறானால் எங்கள் தேவாலயத்துக் கணினியைக் கட்டி மேய்ப்பாள். பூசையை நேரலையில் அனுப்புவது அவள்தான். பாடற்குழுவில் தொண்டை கிழியப் பாடும் எனக்கோ அந்தப் பழைய பெட்டியைக் கண்டாலே எரிச்சல். சில வாரங்களாகப் படம் திக்கித் திணறியது. இன்டர்நெட் லைன்தான் மோசமென்று வயரை மாற்றினோம், கம்பெனிக்காரனைத் திட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா போனபின் அவளை வளர்த்தவர் அண்ணன் லியனார்ட். இப்போது பக்கவாதம் வந்து பக்கத்து ஊரான கிள்ளானில் படுத்த படுக்கை. அவர் மகள் ஜோஆனுக்கு எங்கள் தேவாலயத்தில் கல்யாணம். கோயிலுக்குள் போகுமுன் மணப்பெண்ணின் நெற்றியில் அப்பா சிலுவை வரைய வேண்டும். அது எங்கள் வழக்கம். வாசலில் இன்னொரு கேமரா வைத்தாள் ஜோசஃபின். பெண் அதன் முன் குனிவாள், அண்ணன் வீட்டு டிவியில் பார்த்து ஆசீர்வதிப்பார். அதுதான் ஏற்பாடு.

பெண் வாசலுக்கு வந்த நேரம் பார்த்துக் கிள்ளானிலிருந்து மார்க்கிரட் அண்ணியின் போன்.

"ஜோசி, படம் அப்படியே நின்னு போச்சு லா! இவரு அழுறாரு."

ஜோசஃபின் கணினியில் ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்தாள். நேரலை நிரல் சாதுவாகக் கீழே கிடந்தது. திரையை வரையும் நிரல்தான் உச்சியில் இருந்தது.

"லைன் இல்லக்கா. ஸ்க்ரீன வரையறதே மொத்த பிராசசரையும் திங்குது" என்றாள் என்னிடம்.

"படமே அசையல, அப்புறம் என்னத்த வரையுது?" என்றேன்.

திரையில் ஓடிய பாட்டு வரிகளை மூடினாள், சுமை குறையவில்லை. மற்ற ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். எல்லாவற்றுக்கும் பின்னால், திரை முழுக்க, ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"நான்தான்க்கா வால்பேப்பரா வச்சேன். அண்ணன் எழுந்திரிக்கிற வரைக்கும் அணைக்கமாட்டேன்னு நேர்ந்துக்கிட்டேன். மறந்தே போயிட்டேன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கிழட்டுப் பெட்டியில் படம் வரையத் தனி அட்டை கிடையாது. பிராசசரே சுடரின் ஒவ்வொரு நடுக்கத்தையும் நொடிக்கு நொடி புதிதாக வரைந்திருக்கிறது. நாங்கள் மேலே பாட்டைப் போட்டு மூடிவிட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறோம். யாரும் பார்க்காவிட்டாலும் அது ஒரு துடிப்பைக்கூட விடவில்லை. நான் அத்தனை காலம் திட்டிய பெட்டியின் முன் கைகூப்பத் தோன்றியது.

மவுஸின் மேல் அவள் கை நின்றுவிட்டது.

"அத்தை, அப்பா பாக்குறாரா?" வாசலிலிருந்து ஜோஆன்.

"மன்னிச்சுக்கோ ஆண்டவரே" என்று அணைத்தாள். பிராசசரின் சுமை சட்டென்று சரிந்தது.

"அசையுது லா!" போனில் அண்ணி கத்தினார். "டிவிகிட்ட கொண்டு போகச் சொல்றாரு... அவ நெத்தியத் தேடுறாரு... கையத் தூக்க முடியல, இருங்க, நான் பிடிச்சுக்கிறேன்... போட்டுட்டாரு, சிலுவை போட்டுட்டாரு!"

குனிந்திருந்த ஜோஆன் நிமிர்ந்து, தன் நெற்றியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.