ஒரு கை குழம்புக்கு, ஒரு கை படகுக்கு

பெருங்கடல் தாண்டும் பாய்மரப் படகில் சமையல்காரனுக்கு வேலை செய்ய ஒரு கைதான் உண்டு. இன்னொரு கை எப்போதும் படகைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கீரனூர்க்காரன், பெயர் செல்வம். திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டுக் கொச்சியில் ஒரு ஓட்டலில் இருந்தேன். அங்கே சாப்பிட வந்த பீட், மரிக்கா என்ற டச்சுத் தம்பதி, "எங்கள் படகுக்கு வருகிறாயா?" என்று கேட்டார்கள். போய்விட்டேன். அறுபத்தைந்து அடிப் படகு. படுக்கையறை, குளியலறை, கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின் எல்லாம் உண்டு. என்ன வேலை பார்க்கிறோம் என்பதைச் சொந்தபந்தத்துக்கு விளக்கியே களைத்துப்போனவர்கள் உங்களிலும் இருப்பார்கள். என் கஷ்டம் அவர்களுக்குப் புரியும்.

திருச்சி பஸ்ஸில்

முதல் பயணத்துக்குக் கிளம்பிய அன்று, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் கத்திரி நாற்றுக் கட்டு வைத்திருந்தார். எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"மீன் பிடிக்கிற போட்டுங்களா?"

"இல்லைங்க."

"சரக்கு ஏத்துமா?"

"அதுவும் இல்லைங்க. அந்தப் புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் சும்மா ஊர் ஊரா போவாங்க. நான் சமைச்சுப் போடணும்."

மாத்தூர் தாண்டும்வரை யோசித்தார். பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்:

"சும்மா போறதுக்கு எதுக்கு தம்பி கடலு? இந்தா கெடக்கு ரோடு!"

பெண் பார்க்கப் போன இடத்தில்

விராலிமலையில் பெண் பார்த்தார்கள். ஜெயந்தி, லேப் டெக்னீஷியன். அவள் அப்பா டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். பெருமைக்காகப் போனில் படகின் போட்டோவைக் காட்டினேன். காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடுகிற போட்டோ. அவர் போனைக் கையில் வாங்கினார். "கவுந்துருச்சே!" என்றார். அடியில் டன் கணக்கில் ஈயம் இருக்கிறது, எவ்வளவு சாய்ந்தாலும் அது நிமிர்த்திவிடும், அடுப்பைக்கூட ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினேன். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கதவோரம் நின்ற ஜெயந்திதான் முதல் உருப்படியான கேள்வி கேட்டாள். நடுக்கடலில் போன் எடுக்குமா? எடுக்காது, இருபது நாள்கூட ஆகும், சாட்டிலைட் வழியாகத் தினம் நாலு வரி அனுப்பலாம் என்றேன். மறைக்க மனசு வரவில்லை. சம்பந்தம் கைவிட்டுப் போனதென்றே நினைத்தேன். அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"நாலு வரியில சண்டை போட முடியாதுப்பா. எனக்குச் சம்மதம்."

சுக்கான் வடம் அறுந்தபோது

மாலத்தீவிலிருந்து சீஷெல்ஸ் போகும் வழியில் ஒரு காலை, சுக்கானைத் திருப்பும் கம்பிவடம் அறுந்தது. படகு திரும்பிய வேகத்தில் மரிக்கா விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. பீட் பின்பக்கத்தில் சுக்கானின் தலையிலேயே ஒரு இரும்புத் தண்டை மாட்டினார். அதைக் கையால் தள்ளித்தான் இனி ஓட்ட வேண்டும். அவருக்கு அறுபத்தெட்டு வயது. மத்தியானத்துக்குள் தண்டைத் தள்ளத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது நான்தான். அதுவரை நான் கரண்டி தவிர எதையும் அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை.

தண்டைப் பிடிக்கும் இடத்திலிருந்து திசைகாட்டி தெரியாது. அலையோ முதுகுப் பக்கம் வீட்டு உயரத்துக்கு எழுந்தது. ஊரில் ஜெயந்திக்கு ஐந்தாம் மாதம். வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்போது மரிக்கா கட்டுப்போட்ட கையோடு திசைகாட்டி முன்னால் வந்து உட்கார்ந்தாள். பாத்திரம் எடுத்துக் கொடுக்கும்போது என்னிடம் கற்ற மூன்று தமிழ் வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். காற்றின் இரைச்சலை மீறிக் கத்தினாள். அவள் சொன்னபடி தள்ளினேன், இழுத்தேன். நானும் பீட்டும் மாறி மாறிப் பிடித்து, ஐந்தாம் நாள் துறைமுகம் சேர்ந்தோம். அந்த ஐந்து நாளும் காதில் விழுந்தது இதுதான்:

"செல்வம், அங்கிட்டு! அங்கிட்டு! போதும்... இங்கிட்டு!"

விருந்தாளிகள்

மகள் பிறந்ததும் குழந்தையைப் பார்க்க இருவரும் கீரனூர் வந்தார்கள். மணிக்கட்டு சேர்ந்துவிட்ட கையில் மரிக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு, திருப்பித் தரவே இல்லை. மாமனார் பீட்டிடம் சொந்த ஊரில் வீடு எப்படி என்று என்னைக் கேட்கச் சொன்னார். வீடு கிடையாது, விற்றுவிட்டுத்தான் படகு வாங்கினார்கள், அதுதான் வீடு என்று சொன்னேன். அவருக்கு அடுத்த இட்லி இறங்கவில்லை. இந்த வயதில் வீடில்லாமல் அலைகிறார்களே என்று கண் கலங்கிவிட்டது. என்னைத் தனியாகக் கூட்டிப்போய் மெல்லச் சொன்னார்:

"மாப்ளை, கொளத்தூர்ப் பக்கம் நல்ல மனை ஒண்ணு இருக்கு. அவங்க மனசு நோகாம நீங்களே எடுத்துச் சொல்லுங்க."

இரண்டு சமுத்திரம் தாண்டிய பிறகு கடலைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, குழம்பைப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது மட்டும்தான்.