கிருமி இல்லை என்று எழுதியவர்

போன செவ்வாய் காலை, தீவின் வடகோடியில் இருக்கும் திக்லிபூரிலிருந்து வந்த செய்தியை ஹெட்போனில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மழை அளவு, படகு நிலவரம் எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு வரி: லேப் பிலோமினா காலமானார். வயர்லெஸ் ஆபரேட்டராக எத்தனையோ சாவுச் செய்திகளை எழுதியிருக்கிறேன். இதை எழுத மட்டும் கை வரவில்லை.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருந்த உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தூத்துக்குடிக்காரர், ஆஸ்பத்திரி லேபில் வேலை, சிரிப்பில் மகா கஞ்சம். என் வயிற்றால்தான் பிலோமினா அக்கா எனக்குப் பழக்கம். வயர்லெஸில் கப்பல் கூப்பிடும் நேரமாகப் பார்த்து அது முறுக்கும்; நாற்காலியை விட்டு ஓடுவேன். தீவில் வயிற்றுவலி என்றாலே சீதபேதிதான், அதற்கு ஒரே மாத்திரைதான். மூன்று முறை விழுங்கினேன், மூன்று முறை பரிசோதனைக்குக் கொடுத்தேன். மூன்று முறையும் அக்காவின் கையெழுத்தில் 'கிருமி இல்லை' என்று வந்தது.

அந்தச் சீட்டுகளே எனக்கு வினையாயின. நோய் இல்லாமலே பணியிடத்தை விட்டுப் போகிறேன் என்று விசாரணை வைத்தார்கள். வேலை போனால் பத்துபஸ்தியில் எனக்குக் கொடுத்திருந்த அரசு குவார்ட்டர்ஸும் போகும். மனைவி பிள்ளைகளோடு ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். சீட்டுகளை உறுதிப்படுத்த அக்காவையே கூப்பிட்டிருந்தார்கள். அவர் உள்ளே வரவும் என் வயிறு முறுக்கத் தொடங்கியது. எழுந்து ஓடினால் கதை முடிந்தது. வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தேன்.

"கையெழுத்து என்னுதுதான் சார். கிருமி இல்லைன்னுதான் எழுதுனேன். வலி இல்லைன்னு எழுதல," என்றார் அக்கா. பிறகு ஒரு நோட்டைப் பிரித்தார். என்னைப் போல் கிருமி இல்லாமலே துடிப்பவர்களிடம் என்ன சாப்பிட்டார்கள், எப்போது வலித்தது, அன்று மனதை உறுத்தியது என்ன என்று மாதக்கணக்கில் கேட்டு எழுதி, மெயின்லாண்ட் டாக்டர்களுக்கும் அனுப்பியிருந்தார். இது குடல் எரிச்சல் நோய், பொய்யில்லை என்று ஒருவர் பதில் போட்டிருந்தார்.

விசாரித்த அதிகாரியும் நம்ம தமிழர்தான். "யார் யார்னு பேரைப் படிங்க," என்றார்.

"பேர் தர மாட்டேன் சார். என்னைய நம்பிச் சொன்னாங்க."

"தரலைன்னா உங்க மேலயும் ஆக்‌ஷன் வரும்."

அக்கா நோட்டை மூடினார். மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வங்காளி ஸ்டெனோ மெல்ல எழுந்தார். "சாப், உஸ்மே மேரா பீ நாம் ஹை." தன் பெயரும் அந்த நோட்டில் இருப்பதாக அவர் சொன்னதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என் வேலை தப்பியது. ஓடும் நேரத்தில் என் நாற்காலியில் உட்கார மாற்று ஆளும் கிடைத்தார். அடுத்த மாதமே அக்காவுக்குத் திக்லிபூர் மாற்றல் வந்தது. காரணம் அவர்கள் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கப்பல் ஜெட்டியில் வழியனுப்பும்போது, "எனக்காக இவ்வளவு செஞ்சீங்களே அக்கா," என்றேன். அவர் டிரங்குப் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்: "மொத ரிப்போர்ட் எழுதுறப்ப நானும் ஒங்கள டிமிக்கி குடுக்குற ஆளுன்னுதான் நெனச்சேன் தம்பி. லேபுக்கு வெளிய பெஞ்சுல ஒங்க மொகத்தப் பாத்த பெறவுதான், இன்னும் எத்தன பேர இப்படி நெனச்சோம்னு கேக்க ஆரம்பிச்சேன்."

என் வயிறு இன்றும் அதே வயிறுதான். ஆனால் ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிறேன். சில சமயம் ஏமாந்தும் போகிறேன். பரவாயில்லை, அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.