கார்டு எழுதி முடிக்கட்டும்

அண்ணி ஓர் அச்சகத்தின் பின்னறையில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்துவந்தார். ஜன்னல் இல்லாத அறை. எழுந்தால் நாற்காலி சுவரில் இடிக்கும். கரண்ட் அடிக்கடி போகும். அடித்தது அழிந்துபோனால், திரும்ப அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

முன்பு ஒரு மென்பொருள் இருந்தது. அடித்ததை கம்ப்யூட்டரின் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாக டிஸ்கில் எழுதும். டிஸ்கில் ஏறிவிட்டால் கரண்ட் போனாலும் அழியாது. ஆனால் ஒரு கட்டளை தட்டினால் உடனே எழுதிவிடும். டிஸ்க் எழுதும்போது எரியும் சிவப்பு விளக்கு அணைந்ததும் அண்ணி பையை எடுப்பார்.

முதலாளி வேகம் வேண்டுமென்று கம்ப்யூட்டருக்குள், டிஸ்குக்கு முன்னால், புதிய கார்டு ஒன்றை மாட்டவைத்தார். அதற்குச் சொந்தமாகவே மெமரி. அண்ணியின் கட்டளை அதன் காதில் ஏறவில்லை.

"உள்ள இருக்கிறதை எப்ப எழுதும்?" என்று மாட்ட வந்த மெக்கானிக்கைக் கேட்டார்.

"அதுக்குத் தோணும்போது எழுதும்க்கா."

"நடுவுல கரண்ட் போனா?"

"போகக் கூடாது."

அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை முடிந்ததும் பழைய பெரிய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறப்பார். தன் மெமரியில் இடம் போதாமல் கார்டு அன்று அடித்ததை டிஸ்குக்குத் தள்ளித்தான் ஆக வேண்டும். அதன் பிறகே கம்ப்யூட்டரை அணைப்பார். அணைக்காமல் கிளம்ப முதலாளி விடமாட்டார்.

வேறோர் அலுவலகத்தில் அவருக்கு நேர்காணல். விசாரித்துச் சொன்னவன் நான். அன்று கூட்டிப்போக வந்து நின்றேன்.

"அண்ணி, கிளம்புங்க. நேரமாச்சு."

"இரு தம்பி, இன்னும் ரெண்டு ஃபைல்."

"சேவ் ஆயிடுச்சுன்னு ஸ்கிரீனே சொல்லுதே!"

"உங்க அண்ணனும்தான் பாத்திரம் கழுவிட்டேன்னு சொல்வார்."

சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். தேறிவிட்டதாகச் சான்றிதழ் சொல்கிறது. படித்தது எனக்குள் பதிந்ததா? அதை நான் சோதித்ததே இல்லை. அணைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பாதி ஷட்டர் இறங்கியிருந்தது.

"ஆள் எடுத்தாச்சும்மா," என்றார் காவலாளி.

அண்ணி குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு பெண், தோளில் பையை மாட்டியபடி, எழுந்திருக்காமல் கம்ப்யூட்டரின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயும் அதே கார்டுதான் போல," என்றார் அண்ணி. "வா, காலையில அச்சகத்துக்குச் சீக்கிரம் போகணும்."